பிறர் வாயில் நம் வாக்கியம்

படைப்பெழுத்தைப் பட்டப்படிப்பாகப் பயில முன்வந்திருக்கும் மாணவ மாணவியருக்கு,



உங்கள் துறைத்தலைவர் சென்ற வாரம் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, காபி ஆறிப்போவதையும் பொருட்படுத்தாமல், வரும் பருவம் முழுவதும் வெள்ளிக்கிழமைதோறும் பிற்பகலில் இரண்டு மணி நேரம் நான் உங்களுக்குக் கதை எழுதக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டபோது, மறுப்பதற்குரிய காரணங்கள் என்னிடம் ஏராளமாக இருந்தும், அவற்றுள் ஒன்றாவது உரிய சமயத்தில் நாவுக்கு வராமற்போனபடியால், சம்மதித்துவிட்டேன். எழுத்தைக் கற்பிக்க முடியுமா என்ற கேள்வி எத்தனையோ மேடைகளில் என்னிடம் கேட்கப்பட்டு, ஒவ்வொரு மேடையிலும் முடியாது என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியவன் நான். அப்படிச் சொன்ன வாயோடு இப்போது சன்மானமும் பெற்றுக்கொண்டு அதே காரியத்தைச் செய்ய வருகிறவன், வகுப்பறைக்குள் கால் வைப்பதற்கு முன்னரே தன் கட்சி இன்னதென்று எழுத்தில் வைத்துவிடுவதுதான் நியாயம் என்று பட்டதனால் இம்மடலை எழுதுகிறேன்.

எழுத்தாளன் பிறக்கிறானே தவிர வகுப்பறையில் வார்க்கப்படுவதில்லை என்ற அபிப்பிராயம், நம்மிடையே ஏதோ சங்க காலத்திலிருந்தே வழங்கிவருவதுபோல் பேசப்பட்டாலும், உண்மையில் அது அண்மைக் காலத்துச் சரக்கே ஆகும். பவணந்தி முனிவரின் நன்னூற் பாயிரம், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்றும் ஆகும் அழகுகள் பத்து என்றும் எண்ணிவைத்து, குன்றக் கூறல் முதலாக, மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று அவற்றுக்குப் பெயரும் இட்டுக் கொடுத்திருக்கிறது. எழுதுகிறவனுடைய பிழைகள் பெயரிட்டுச் சொல்லத்தக்கவை, சொன்னால் திருத்தத்தக்கவை என்ற நம்பிக்கை இல்லாத சமூகம் இப்படி ஒரு ஜாபிதா தயாரித்துக்கொண்டிராது. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகையோ, செய்யுள் இயற்றும் வித்தையைப் பயில்வோர் கையில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய பாடப்புத்தகம். அதைக் கற்றுக் கவிபாடுவதைக் காட்டிலும் பேரிகை கொட்டிப் பிழைக்கலாம் என்று ஒரு பழமொழியே ஏற்பட்டுவிட்டது என்றால், எத்தனை பிள்ளைகள் அதோடு மல்லுக்கு நின்றிருக்க வேண்டும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தப் பழைய கல்வி எப்படி நடந்தது என்பதற்கு நம்மிடம் மிக விரிவான சாட்சியம் ஒன்று உண்டு. 1871ஆம் ஆண்டில், 16 வயது நிரம்பியிருந்த ஓர் இளைஞர், தம் தந்தையாருடன் மாயூரத்துக்குப் போய், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிஷ்யராகச் சேர்ந்தார். அவர் பின்னாளில் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் என்று அறியப்பட்டவர். தம் முதுமையில் 'என் சரித்திரம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய சுயசரிதத்தில், அந்நாட்களைப் பற்றி அவர் ஆர அமரச் சொல்லியிருக்கிறார். பிள்ளையவர்களுடைய வீட்டில் மணியடித்துத் தொடங்கும் வகுப்பு ஏதும் இல்லை. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று பிரபந்தம் பிரபந்தமாகப் படிப்பார்கள். இடையிடையே மாணாக்கர்கள் தாமும் செய்யுள் இயற்றிக் காட்டுவார்கள். இவற்றுக்கெல்லாம் நடுவே ஆசிரியர் தாம் அப்போது பாடிக்கொண்டிருக்கும் தலபுராணத்தின் செய்யுட்களை மனத்திலேயே அமைத்து வாயாற் சொல்ல, அவற்றை ஒருவர் ஏட்டில் எழுதிக்கொண்டே போவார். ஒரு பெருங்கவிஞரின் சிந்தனையில் சொல் எங்கே தயங்குகிறது, எங்கே தயக்கமின்றிப் பாய்கிறது என்பதை, அச்செயல் நடக்கும்போதே அருகிலிருந்து காதால் கேட்பது என்பது எப்பேர்ப்பட்ட பாக்கியம்! இன்றைய பல்கலைக்கழகம் எத்தனை கோடி செலவழித்தாலும் இந்த ஒன்றை உங்களுக்கு வாங்கித் தர இயலாது.

ஆனால் நான் இக்கதையை எடுத்தது அந்தப் பாக்கியத்தைப் பற்றிப் பெருமூச்சு விடுவதற்காக அன்று. 1876இல் பிள்ளையவர்கள் காலமாகும் வரையில் ஐந்தாண்டுக் காலம் கவிபாடும் வித்தையைப் பயின்ற அந்த மாணாக்கரை இன்று நாம் கவிஞரென்றா கொண்டாடுகிறோம்? அவர் செய்யுட்கள் இயற்றியது உண்டு. ஆயினும், சீவகசிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும் பதிப்பித்து நமக்குக் கொடுத்த பதிப்பாசிரியர் என்றுதான் அவரைக் கைகூப்புகிறோம். செல்லரித்த ஏட்டில் ஒரு சீர் குறைவதையும், ஓரிடத்தில் தளை தட்டுவதையும், ஏடெழுதியவன் கண்ணயர்ந்து ஒரு சொல்லுக்கு வேறொரு சொல்லை எழுதிப்போனதையும், எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதற்கு முன்பே காது கண்டுபிடித்துவிட வேண்டும். அந்தக் காது அவருக்கு, தாமே செய்யுள் கட்டித் தடுமாறிய அந்த ஐந்தாண்டுப் பயிற்சியில் வாய்த்தது என்பது என் துணிபு. எழுதப் பயின்றவர் வாசகரானார். தமிழுக்கு அதனால் விளைந்த லாபம், இன்னும் நான்கு தலபுராணங்கள் கிடைத்திருந்தால் விளைந்திருக்கக்கூடியதைவிட எத்தனையோ மடங்கு பெரிது. உங்களில் சிலர் பட்டம் பெற்றபின் எழுத்தாளராக அன்றி நல்ல பதிப்பாசிரியராகவோ, மொழிபெயர்ப்பாளராகவோ, அல்லது வெறுமனே நல்ல வாசகராகவோ முடிவீர்களானால், பணம் வீணாயிற்று என்று உங்கள் பெற்றோர் வருந்த வேண்டியதில்லை.

இந்தப் பழைய ஏற்பாடு ஏன் அற்றுப்போயிற்று என்றால், உரைநடை வந்தது, அச்சு வந்தது. பிள்ளையவர்களுடைய நண்பரும், அதே மாயூரத்தில் முன்சீபாக இருந்தவருமான வேதநாயகம் பிள்ளை, தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்டார். அதற்கு மூன்றாண்டு முன்புதான் மகாவித்துவான் மறைந்திருந்தார். ஒரே ஊரில், ஒரே சிநேக வட்டத்தில், ஒரு மரபு கண்ணை மூட இன்னொன்று கண் திறந்தது. ஆனால் புதிதாகப் பிறந்ததற்குக் காரிகையும் இல்லை, வாத்தியாரும் இல்லை. உரைநடைக்காரன் தன் அறையில் தனியே எழுதினான், தபாலில் அனுப்பினான், பிரசுரமானால் சந்தோஷம், இல்லையென்றால் 'தங்கள் கதை பிரசுரத்துக்கு ஏற்றதாக இல்லாமைக்கு வருந்துகிறோம்' என்ற அச்சடித்த துண்டுச் சீட்டு. முப்பது ஆண்டுக் காலம் ஒரு வாரப் பத்திரிகையில் உதவியாசிரியனாக இருந்து அந்தச் சீட்டுக்களைக் கட்டுக்கட்டாக அனுப்பியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதைப் பெற்று எவனும் எதையும் கற்றிருக்க முடியாது. 1933இல் தோன்றிய 'மணிக்கொடி' பத்திரிகையும், 1959இலிருந்து 1970 வரை சி. சு. செல்லப்பா விடாப்பிடியாக நடத்திய 'எழுத்து' பத்திரிகையும், ஒருவர் எழுதியதை மற்றொருவர் ஊன்றிப் படித்து வாதாடுகிற களங்களாக இருந்து, பல்கலைக்கழகம் செய்யத் தவறியதை வாடகை பாக்கியோடு செய்து பார்த்தன.

இனி, இப்பாடம் ஒரு பல்கலைக்கழகப் பாடமாக முதலில் வேர்கொண்ட இடத்துக்கு வருவோம். அமெரிக்காவின் நடுப்பகுதியில், கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளக் கொல்லைகளாக விரிந்து கிடக்கும் அயோவா மாநிலத்தில், ஆய்வேட்டுக்குப் பதிலாகக் கதைகளையோ கவிதைகளையோ சமர்ப்பித்தும் பட்டம் பெறலாம் என்று அங்குள்ள பல்கலைக்கழகம் 1922ஆம் ஆண்டிலேயே அனுமதித்தது. எழுத்தாளர் பட்டறை என்ற முறையான அமைப்பு 1936இல் வில்பர் ஷ்ராம் என்பவர் தலைமையில் ஏற்பட்டது. அவருக்குப்பின் 1941இல் பொறுப்பேற்ற பால் எங்கிள் என்ற கவிஞர், இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் அரசாங்கச் செலவில் படிக்க வந்து குவிந்தபோது, ஆற்றங்கரையில் ராணுவத்துக்காகச் செய்த வளைவான தகரக் கொட்டகைகளில் வகுப்புகளை நடத்தினார். கோடையில் வெந்து குளிர்காலத்தில் விறைத்துப்போகும் தகரக் கொட்டகையிலிருந்து இலக்கியம் வரும் என்று எந்த நிபுணர் குழு சிபாரிசு செய்திருக்கும்?

1945இல் எங்கிளின் அலுவலகத்துக்கு, தெற்கே உள்ள ஜார்ஜியா மாநிலத்திலிருந்து, பத்திரிகைத்துறை படிப்பதற்கென்று உபகாரச் சம்பளம் பெற்று, ஓர் இளம்பெண் வந்தார். அவர் பேசிய ஊர்ப்பாஷை எங்கிளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. இரண்டாம் முறை கேட்டும் புரியாமல் வெட்கப்பட்டு, சொல்ல வந்ததை எழுதிக் காட்டும்படி ஒரு தாளை நீட்டினாராம். தம் பெயரை எழுதி, தாம் பத்திரிகைக்காரி அல்ல என்றும், எழுத்தாளர் பட்டறையில் சேரலாமா என்றும் அப்பெண் எழுதிக் காட்டினார். அவர்தான் பின்னாளில் புகழ்பெற்ற கதாசிரியரான ஃபிளானரி ஓ'கானர். வகுப்பில் பின்வரிசையில் வாய் திறவாமல் இருப்பார் என்றும், அவர் கதைகளை எங்கிளே எடுத்துப் படித்துக் காட்டுவார் என்றும் சொல்வார்கள். ஓ'கானர் தம் வாக்கியத்தைத் தமக்குச் சற்றும் பழக்கமில்லாத ஓர் உச்சரிப்பில், அயலான் ஒருவனுடைய வாயிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அக்கொட்டகையில் அவருக்குக் கிடைத்த கல்வியில் பெரும்பகுதி அதுவாகத்தான் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்; அதற்குக் காரணம் பிறகு சொல்கிறேன்.

அயோவாவுக்கும் நமக்கும் ஓர் ஒட்டுறவு உண்டு. எங்கிளும், பின்னர் அவர் மனைவியான சீன எழுத்தாளர் ஹுவாலிங் நியே என்பவரும் 1967இல் தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு, 1973இல் நம் அசோகமித்திரன் போய்ச் சில மாதங்கள் தங்கியிருந்தார். ஜெமினி ஸ்டூடியோவில் 14 ஆண்டுகள் உத்தியோகம் பார்த்து, அதை விட்டு வந்து, 'கரைந்த நிழல்கள்' நாவலையும் எழுதி முடித்துவிட்டிருந்த அவர் அங்கே எழுதக் கற்றுக்கொள்ளப் போகவில்லை. போனவர் சும்மாவும் திரும்பவில்லை என்பதற்கு அவருடைய 'ஒற்றன்' நாவல் சாட்சி. அதே இலையுதிர் காலத்தில் அதே ஊரில், பட்டறையின் ஆசிரியர்களாக ரேமண்ட் கார்வரும் ஜான் சீவரும் இருந்தார்கள் என்பதும், அவ்விருவரும் கற்பித்ததைவிடக் குடித்ததே அதிகம் என்று கார்வரே பின்னாளில் ஒப்புக்கொண்டார் என்பதும் ஒரு சுவாரஸ்யம். பட்டறை என்றதும் ஆசிரமம் ஒன்றை நீங்கள் கற்பனை செய்துகொள்ளாமலிருக்க வேண்டும் என்பதற்காக இதைக் குறிப்பிட்டேன். இங்கிலாந்தில் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்தில் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் 1970இல் இப்பாடத்தைத் தொடங்கியபோது சேர்ந்தவர் இயன் மெக்கீவன் என்ற ஒரே ஒரு மாணவர். பத்தாண்டு கழித்து அங்கே படித்த கசுவோ இஷிகுரோ 2017இல் நோபெல் பரிசு பெற்றார். எண்ணிக்கை குறைவென்று உங்கள் துறையை மூடிவிடுவார்களோ என்று கவலைப்படுகிறவர்கள் இதை நிர்வாகத்தாரிடம் எடுத்துச் சொல்லலாம்.

பட்டறை முறையின் உயிர்நிலை ஒரு சிறிய விதியில் இருக்கிறது. ஒருவர் எழுதியதை எல்லோரும் முன்கூட்டியே படித்து வந்து விவாதிக்க, எழுதியவர் மட்டும் விவாதம் முடியும் வரை வாய் திறக்கக் கூடாது. நம் மரபிலோ அரங்கேற்றம் என்று ஒன்று இருந்தது; அங்கே நேர் எதிரான விதி. புலவன் சபை நடுவில் தன் நூலைத் தானே படித்து, தானே பொருள் விரித்து, தடை எழுப்புகிறவர்களுக்குத் தானே விடையிறுத்தாக வேண்டும். இரண்டில் எது சிறந்தது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். அரங்கேற்றத்தில் புலவனுடைய கல்வி சோதிக்கப்படுகிறது. பட்டறையில் தாளில் உள்ளது மட்டும் சோதிக்கப்படுகிறது. கல்வி நிறைந்தவன் தன் பாட்டில் இல்லாத நயத்தையும் வாதத்தால் அதற்குள் கொண்டுவந்துவிடுவான். ஆனால் புத்தகத்தை ஒருவன் விலைகொடுத்து வாங்கி ரயிலில் படிக்கும்போது, எழுதியவன் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து, ஐயா, இவ்விடத்தில் நான் சொல்லக் கருதியது இது, என்று விளக்கிக்கொண்டு போக முடிவதில்லை. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் நாம் மௌன விதியையே கைக்கொள்வோம். பருவத்தின் கடைசி வாரத்தில் மட்டும், ஆசைக்காக, ஓர் அரங்கேற்றம் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது, ஓ'கானரைப் பற்றிப் பேசுகையில் பிறகு சொல்கிறேன் என்றேனே, அந்தக் காரணம். எனக்கு 23 வயதிருக்கும்போது, பத்திரிகை அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், நானும் ஒரு கதை எழுதி ஆசிரியரிடம் கொடுத்தேன். மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போகும் ஓர் இளம் விதவை, கொடிக்கயிற்றைப் பிடித்தபடி நின்று தன் கடந்த காலத்தை நினைத்துப் பார்ப்பதும், மழை பெய்யத் தொடங்குவதும், மழையில் அவள் கண்ணீர் கலப்பதும், அவள் கீழே இறங்கி வருவதுமாக அமைந்த அக்கதை உலக இலக்கியத்தில் எங்கே வைக்கப்படும் என்பதில் மட்டுமே எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆசிரியர் அதைப் படிக்கவில்லை. மணியை அடித்து, அச்சுக்கோக்கும் பகுதியின் ஃபோர்மனை வரவழைத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னார். அவர் மை படிந்த விரல்களால் தாள்களைப் பிடித்துக்கொண்டு, ரேஷன் கடைப் பட்டியலைப் படிப்பதுபோல, ஏற்றமும் இறக்கமும் இன்றிப் படித்துக்கொண்டே போனார். நான் உருகி உருகி எழுதிய விசேஷணங்கள் அவர் வாயில் ஒவ்வொன்றாகத் தகரடப்பாவில் விழுந்த கூழாங்கற்களாகச் சப்தித்தன. கடைசி வரியைப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து அவர் கேட்டார்: "ஏன் தம்பி, அந்தப் பொண்ணு துணி எடுக்கத்தானே மாடிக்குப் போச்சு? எடுத்துச்சா இல்லையா? மழை வேற வந்திருச்சே!"

எடுக்கவில்லை. ஏழு பக்கம் எழுதிய எனக்கு அந்தத் துணிகள் மறந்தே போயிருந்தன. கண்ணால் அதே பக்கங்களை இருபது தடவை படித்தும் தென்படாத ஓட்டை, என் வாக்கியத்தின்மேல் எவ்விதப் பிரியமும் இல்லாத ஒருவருடைய வாய்வழியாக அது திரும்பி வந்தபோது, முதல் தடவையிலேயே தெரிந்துவிட்டது. நாம் எழுதியதை நாமே படிக்கும்போது தாளில் உள்ளதைப் படிப்பதில்லை, மனத்தில் உள்ளதைப் படிக்கிறோம். அந்த உபகாரத்தை அயலான் செய்ய மாட்டான். பிள்ளையவர்களுடைய சிஷ்யர் ஏட்டில் எழுதிய செய்யுளை உரக்கப் படிக்க, பிள்ளையவர்களுக்கே அது அயலாகிக் காதில் விழுந்திருக்கும். ஓ'கானருக்கு எங்கிளின் உச்சரிப்பில் அது விழுந்தது. பல்கலைக்கழகம் உங்களுக்குத் தரக்கூடிய மிகப் பெரிய பொருள் இதுதான் என்று எண்ணுகிறேன்: நீங்கள் எழுதியதைப் படித்தே தீரவேண்டிய நிர்ப்பந்தத்துக்கு ஆளான பத்துப் பன்னிரண்டு அயலார். பட்டம் அதற்குப் போடுகிற உறை. அமெரிக்காவில் இப்பட்டம் பெற்றவர்களுள் பலர் வேறு பல்கலைக்கழகங்களில் இதே பாடத்துக்கு ஆசிரியராகிப் பிழைக்கிறார்கள். இங்கே அந்தக் கதவும் அகலத் திறந்திருக்கவில்லை என்பதை உங்களிடம் மறைப்பானேன்?

பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கல்லூரியில் (பெயர் எதற்கு?) படைப்பிலக்கியம் என்ற தாளுக்கு வினாக்கள் எடுத்துத் தரும்படி என்னைக் கேட்டார்கள். பழைய வினாத்தாள்களை வாங்கிப் பார்த்தேன். சிறுகதையின் இலக்கணம் யாது, நாவலின் வகைகளை விவரி, உத்தி என்றால் என்ன என்று அடுக்கியிருந்தார்களே ஒழிய, ஒரு கதை எழுது என்ற கேள்வி மருந்துக்கும் இல்லை. ஒரு கதையின் முதற்பக்கத்தை எழுதி, பின்பு அதில் பத்து வரிகளை நீக்கி, எவற்றை ஏன் நீக்கினீர் என்பதைக் கூறுக என்று நான் ஒரு வினா எழுதி அனுப்பினேன். விடைக்குறிப்பு இணைக்கப்படவில்லை என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. பத்திரிகை அலுவலகத்தில் நான் அனுப்பிய சீட்டுக்களுக்கெல்லாம் அன்று வட்டியோடு பதில் கிடைத்ததாக எடுத்துக்கொண்டேன்.

அயலார் வாயை இவ்வளவு புகழ்ந்த நான், அதில் உள்ள அபாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு பேர் ஒரு கதையைப் பற்றிப் பேசும்போது, எவருக்கும் உறுத்தாத கதையே நல்ல கதை என்ற ஒரு மயக்கம் மெல்ல அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். குமரிக் கடற்கரையிலிருந்து வந்த பெண் 'சாளை' என்று எழுதியிருப்பாள்; மத்தி என்று எழுதினால் எல்லோருக்கும் புரியுமே என்று சென்னையிலிருந்து வந்தவர் சொல்வார். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன் 'வெஞ்சணம்' என்று எழுதியிருப்பான். தொட்டுக்கொள்ள ஏதோ ஒன்று என்று விளங்கியும், ஒருவர் புருவத்தை உயர்த்துவார். இப்படி நான்கு வெள்ளிக்கிழமைகள் போனால் அந்தப் பெண்ணும் அந்தப் பையனும் ஒரே ஊரில் பிறந்தவர்களாகிவிடுவார்கள். எந்த ஊர் என்றால், பூகோளப் படத்தில் இல்லாத ஊர். கரிசல் காட்டுச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்த கி. ராஜநாராயணனை, அவர் பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காதவராக இருந்தும், புதுவைப் பல்கலைக்கழகத்தார் அழைத்துப் பேராசிரியர் நாற்காலியில் அமர்த்தினார்கள். அவர் இளமையில் உங்களைப் போன்ற ஒரு வகுப்பில் அகப்பட்டிருந்தால் நமக்கு அந்த அகராதியில் எத்தனை சொல் மிஞ்சியிருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் நடுக்கமாகவே இருக்கிறது. புரியவில்லை என்பது வேறு, பழக்கமில்லை என்பது வேறு. ஜார்ஜியாப் பெண்ணின் பேச்சு எங்கிளுக்குப் புரியவில்லை. அவர் நீட்டிய தாளில் எழுதப்பட்டது புரிந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பெண்ணின் கதையை அயோவாப் பாஷைக்கு மாற்றி எழுதச் சொல்லவில்லை. நண்பர்கள் சுட்டுகிற ஐயத்தை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். துணி எடுக்க மறந்திருந்தால் அன்றிரவே போய் எடுத்துவிடுங்கள். சாளையை மட்டும் ஒரு மாதம் வரை தொடாதீர்கள்.

வகுப்புக்குரிய ஏற்பாடுகளைச் சொல்லி முடிக்கிறேன். முதல் வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு கதை கொண்டு வாருங்கள். ஐந்து பக்கத்துக்கு மேற்பட வேண்டாம். பெயர் எழுத வேண்டாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, யாருக்கு எது போகும் என்று தெரியாதபடி கொடுத்துவிடுவேன். உங்கள் கைக்கு வந்ததை நீங்கள் எழுந்து நின்று உரக்கப் படிக்க வேண்டும்; நடிக்க வேண்டாம், ரேஷன் கடைப் பட்டியல் போலப் படித்தால் போதும். சென்ற ஆண்டு கண்ணில் சத்திரசிகிச்சை செய்துகொண்டபின் சிறிய எழுத்து எனக்குத் தெரிவதில்லை என்பதால், நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பேன். எது யார் எழுதியது என்று என்னிடம் சொல்லாதீர்கள். எழுத்துத்தான் தெரியாதே தவிர, மூன்றாம் பக்கம் வருவதற்குள் பெஞ்சில் யாருடைய தலை குனிந்திருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
வெள்ளிக்கிழமை வாத்தியார்